குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம்: அதில் எதைத் தேடுகிறோம்?



பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் நர்சம்மா வந்து, "குழந்தையோட குதிகால்ல சின்னதா ஒரு குத்து குத்தி ரெண்டு சொட்டு ரத்தம் எடுக்கணும்" என்று சொன்னால், வீட்டில் உள்ளவர்களுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். "நல்லாப் பால் குடிக்குது, நல்லாத் தூங்குது, பச்சப்புள்ளைக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இந்தப் பிரசுரம். கொஞ்சம் இரசாயனமும் வரும். பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸையும் மையையும் வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

குழந்தை குடிக்கும் பாலில் புரதம் இருக்கிறது. நாம் சாப்பிடும் பருப்பிலும், முட்டையிலும், மீனிலும் இருப்பது அதுதான். புரதம் என்பது மணிகளைக் கோத்த மாலை மாதிரி. வயிற்றுக்குள் போனதும் நூல் அறுந்து மணிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அந்த மணிகளுக்குத்தான் அமினோ அமிலங்கள் என்று பெயர். நம் உடம்பில் புரதம் கட்டப் பயன்படுபவை முக்கியமாக 20 வகை. உடம்பு தனக்கு வேண்டிய மாலையை அவற்றைக் கொண்டு கட்டிக்கொள்கிறது. மிஞ்சியதை எரித்துவிடும், அல்லது வேறொன்றாக மாற்றிவிடும். இந்த வேலையைச் செய்பவை என்சைம்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி என்சைம் உண்டு.

பினைல் அலனின் என்று ஒரு அமினோ அமிலம். ஈரலில் உள்ள ஒரு என்சைம் அதை டைரோசின் என்ற இன்னொன்றாக மாற்ற வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த என்சைம் இருப்பதில்லை, அல்லது சரியாக வேலை செய்வதில்லை. அப்போது பினைல் அலனின் செலவாகாமல் இரத்தத்தில் தேங்குகிறது. இதற்குப் பினைல் கீட்டோன்யூரியா என்று பெயர்.

எவ்வளவு தேங்குகிறது என்று பாருங்கள். சாதாரணமாக 100 மில்லி இரத்தத்தில், அதாவது அரை டம்ளர் அளவில், பினைல் அலனின் சுமார் 1 மில்லிகிராம்தான் இருக்கும். நோய் முற்றிய வகையில் அது 20 மில்லிகிராமுக்கும் மேலே போகும். இருபது மில்லிகிராம் என்பது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பைவிட எத்தனையோ மடங்கு குறைவு. அந்தத் துளிதான் வளரும் மூளையைக் கெடுக்கிறது.

கருவில் இருக்கும்போது தாயின் உடம்பே இந்த மிச்சத்தைச் சமாளித்துவிடுகிறது. ஆகவே குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. எடை சரி, அழுகை சரி, முகக்களை சரி. பால் குடிக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மாதங்கள் போகப் போக, "என்ன, இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கலையே, உக்காரலையே" என்று சந்தேகம் வரும். தோலில் கரப்பான் போலச் சொறி வரலாம். முடி செம்பட்டையாகலாம். வலிப்பு வரலாம். அந்தச் சமயத்தில் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால் மேலும் கெடாமல் தடுக்கலாம். போன மூளைத் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. முதல் பத்து நாளுக்குள் தொடங்கினாலோ, குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். மூன்றாம் நாள் ஏன் அவசரப்படுகிறோம் என்பது இப்போது விளங்கும்.

வாசனையில் தொடங்கிய கதை

இந்த நோயை முதலில் கண்டுபிடித்ததற்கு ஒரு தாயின் பிடிவாதம்தான் காரணம். நார்வே நாட்டில் ஒரு பெண்மணிக்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் மூளை வளர்ச்சி குன்றியவை. பிள்ளைகளிடம் ஒரு விநோதமான வாடை வீசுவதை அவர் கவனித்தார். டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி, கடைசியில் 1934-ல் ஐவர் ஃபோலிங் என்ற டாக்டரிடம் வந்து சேர்ந்தார். அவர் இரசாயனமும் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். அது பச்சையாக மாறியது. அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பச்சைக்குக் காரணமான பொருள் பினைல் அலனினிலிருந்து வருவது என்று தொடர்ந்து ஆராய்ந்து கண்டார்.

ஆனால் சிறுநீர்ச் சோதனையில் ஒரு சங்கடம். இரத்தத்தில் நிறையத் தேங்கிய பிறகுதான் சிறுநீரில் தெரியும். அதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். ஆகவே இரத்தத்திலேயே அளக்க வேண்டும். இரத்தத்திலோ எல்லா அமினோ அமிலங்களும் கலந்து கிடக்கின்றன. குணத்தில் எல்லாம் அண்ணன் தம்பிகள். ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, அதுவும் இவ்வளவு சொற்பமான அளவை, எப்படி அளப்பது?

சாக்பீஸும் மையும்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைச் சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மை நனையாதபடி சாக்பீஸை நிமிர்த்தி நிறுத்துங்கள். தண்ணீர் மேலே ஏறும். கறுப்பு மையும் கூடவே ஏறும். ஏறும்போதே நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரிந்துபோகும். தண்ணீரோடு ஓடுவதில் ஆசையுள்ள சாயம் உயரப் போகிறது. சாக்பீஸை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும் சாயம் கீழே தங்கிவிடுகிறது. இந்த முறைக்குத்தான் குரோமட்டோகிராபி என்று பெயர். பெயர் பெரிதே தவிர விஷயம் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் மார்ட்டின், சிங் என்ற இருவர் ஆட்டு ரோமத்தில் உள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்கப் பாடுபட்டார்கள். கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி அது. 1941-ல் ஒரு புது முறையைக் கண்டார்கள். 1944-ல் மார்ட்டினும் உடனிருந்தவர்களும் அதை வடிதாளிலேயே செய்து காட்டினார்கள். 1952-ல் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கம்பளிக்காகக் கண்டது கைக்குழந்தைக்கு உதவியது!

வடிதாளின் அடியில் இரத்தத் தெளிவு ஒரு புள்ளி வைப்பார்கள். பியூட்டனாலும் அசெட்டிக் அமிலமும் தண்ணீரும் கலந்த கரைசலில் தாளின் ஓரத்தை நனைத்து இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். லைசின் கீழேயே நிற்கும். கிளைசின், அலனின் கொஞ்சம் மேலே. டைரோசின் நடுவாக்கில். பினைல் அலனினும் லியூசினும் உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில். ஆனால் இவை நிறமில்லாதவை, கண்ணுக்குத் தெரியாது. தாளை உலர்த்தி நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக எழும்பும். எந்தப் புள்ளி வழக்கத்தைவிட அழுத்தமாக இருக்கிறதோ அந்த அமினோ அமிலம் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு சுவையான செய்தி. பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவர் அந்தத் தாளை வெறும் விரலால் தொட்டுவிட்டால், அவருடைய விரல்ரேகையும் ஊதாவாக எழும்பிவிடும். நம் வியர்வையிலும் அமினோ அமிலங்கள் இருப்பதுதான் காரணம். காகிதத்தில் திருடனின் ரேகையை எடுக்கப் போலீசாரும் இதே நின்ஹைட்ரினைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தையின் இரத்தம் விடும் அட்டையில் உள்ள வட்டங்களை "தொடாதீங்கம்மா" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்கிறார் அல்லவா, அது வீண் அதட்டல் இல்லை.

தாளுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சுப் பூசிச் செய்யும் முறையும் வந்தது. அது இன்னும் சீக்கிரம் முடியும். 1980-களில் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தை இந்த முறையில் சோதித்துப் பார்த்தார்கள்.

புள்ளியைக் கண்ணால் பார்த்து "அதிகம், குறைவு" என்று சொல்லலாம். மில்லிகிராம் கணக்கில் சொல்ல வேண்டுமானால் அது போதாது. அமெரிக்காவில் மூர், ஸ்டைன் என்பவர்கள் ஒரு நீண்ட குழாயில் ரெசின் மணிகளை அடைத்து, அதன் வழியாக அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக வெளியே வரச் செய்தார்கள். வெளியே வருவதை நின்ஹைட்ரினோடு கலந்து, எழும் நிறத்தின் அடர்த்தியைக் கருவியே அளந்து கோடாக வரையும். 1958-ல் தானாகவே இயங்கும் கருவி வந்தது. 1972-ல் இவர்களுக்கும் நோபல் பரிசு. இன்றைக்கும் சந்தேகமான இரத்தத்தை உறுதிசெய்ய இந்த வழிக் கருவிதான் பல பரிசோதனைக்கூடங்களில் கடைசித் தீர்ப்புச் சொல்கிறது.

கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. இரத்தத்தை எடுத்த விதமும் சரியாக இருக்க வேண்டும். ஹோமோசிஸ்டீன் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு. அது மிகமிகச் சொற்பம். அதன் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும், மருந்து போட்டுப் பிரித்தபின்தான் அளக்க முடியும். இரத்தத்தை எடுத்து மேசைமேல் சும்மா வைத்துவிட்டால் சிவப்பணுக்களிலிருந்து அது கசிந்துகொண்டே இருக்கும், அளவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் தெளிவைப் பிரித்துவிட வேண்டும். "இப்பத்தானே எடுத்தீங்க, மறுபடியும் எடுக்கச் சொல்றீங்களே" என்று கோபப்படும் பெற்றோர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தவறான கணக்கைத் தருவதைவிட மறுபடி ஒரு குத்து மேல்.

தபாலில் போகும் இரத்தம்

இவ்வளவு பெரிய கருவியும் நகரத்தில் இருக்கிறது. குழந்தையோ கிராமத்தில் பிறக்கிறது. இந்தத் தூரத்தைக் கடக்க வழி சொன்னவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க டாக்டர். அவருடைய மகன் மனவளர்ச்சி குன்றியவன். உறவில் ஒரு பெண் குழந்தைக்குப் பினைல் கீட்டோன்யூரியா இருந்தது, காலம் கடந்தே கண்டுபிடித்தார்கள். குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துத் தடித்த வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தி அனுப்பினால் போதும் என்று அவர் 1960-களின் தொடக்கத்தில் காட்டினார். ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம். சாதாரணத் தபாலில் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது அந்த அட்டையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு வட்டத்தைத் துளைத்து எடுக்கிறார்கள். அதில் உள்ள இரத்தம் சுமார் 3 மைக்ரோ லிட்டர். நோயில்லாத குழந்தையானால் அதில் இருக்கும் பினைல் அலனின், ஒரு கிராமை மூன்று கோடிப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி அதையும் அளந்துவிடுகிறது. 1990-களில் இந்த வேலைக்கு வந்த கருவி அது. மூலக்கூறுகளை எடை போட்டு, உடைத்து, உடைந்த துண்டையும் எடை போடும். இரண்டு மூன்று நிமிடத்தில் பல அமினோ அமிலங்களின் கணக்கு வந்துவிடும்.

அப்படியானால் பழைய குழாய் முறை எதற்கு என்று கேட்கலாம். எடைபோடும் கருவிக்கு ஒரு குறை உண்டு. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை. தராசில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, எது யார் என்று தெரியாது. அவற்றைப் பிரித்துக் காட்ட மறுபடியும் குரோமட்டோகிராபிதான் வேண்டும்.

வெந்தய வாசனையும் ஒரு நோயும்

லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் தேங்கும் நோய் இன்னொன்று. 1954-ல் அமெரிக்காவில் இதை முதலில் எழுதி வைத்தார்கள். சிறுநீரில் மேப்பிள் மரத்துப் பாகின் மணம் வீசியதால் மேப்பிள் பாகு நோய் என்று பெயர். இது பினைல் கீட்டோன்யூரியாவைப் போல மாதக் கணக்கில் காத்திருக்காது. நன்றாகப் பால் குடித்த குழந்தை நாலாம் ஐந்தாம் நாளில் பால் குடிக்க மறுக்கும். தொய்ந்து கிடக்கும், அல்லது உடம்பை வில்லாய் வளைக்கும். கவனிக்காவிட்டால் மூச்சு நின்றுபோகும். இந்த அறிகுறிகளைக் கண்டால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மேப்பிள் பாகை நம்மில் பலர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அதே வாசனை நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது, வெந்தயத்தில். மணம் தரும் பொருள் இரண்டிலும் ஒன்றேதான். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் களி, வெந்தய லேகியம் என்று கொடுப்பது நம் வழக்கம். தாய் வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் குழந்தையின் சிறுநீரிலும் அந்த வாடை வரலாம், குழந்தைக்கு ஒரு நோயும் இருக்காது. ஆகவே வாசனையை வைத்துப் பயப்படவும் வேண்டாம், "வெந்தயம்தான்" என்று தைரியமாக இருந்துவிடவும் வேண்டாம். இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். வெந்தயம் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

யார் மேல் குற்றம்?

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாது, மருமக வழியில வந்ததுதான்" என்ற பேச்சு இத்தகைய வீடுகளில் உடனே கிளம்புகிறது. இது சுத்தத் தவறு. இந்த நோய்கள் வர, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு குறைபட்ட ஜீன்கள் சேர வேண்டும். இரண்டு பேரும் பார்வைக்கு முழு ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்பதல்ல கணக்கு. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

ஒரே குடும்பத்தில் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே குறைபட்ட ஜீன் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி கால்வாசிக்கும் மேற்பட்ட பெண்கள் உறவிலேயே மணம் முடித்திருக்கிறார்கள். மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் காரணம் தெரியாமல் முதல் வாரத்தில் குழந்தை இறந்திருந்தாலோ, மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்தாலோ, கர்ப்பமாக இருக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்டுபிடித்தபின் என்ன?

1953-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிக்கெல் என்ற டாக்டர், பினைல் அலனினை நீக்கிய உணவை இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குக் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். அங்கேயும் ஒரு தாய்தான் தினமும் வந்து, "என் பிள்ளைக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று விடாமல் கேட்டுச் செய்யவைத்தார். இன்றைய சிகிச்சையும் அதே வழிதான். அந்த அமினோ அமிலம் இல்லாத தனிப் பால்மாவு. கூடவே டாக்டர் சொல்லும் அளவுக்குத் தாய்ப்பால். வளர்ந்தபின் பருப்பு, பால், முட்டை, மீன், கடலை கூடாது. சோறுகூட அளந்துதான். சேலத்து ஜவ்வரிசியில் புரதம் அநேகமாக இல்லை என்பதால் அது இந்தக் குழந்தைகளுக்கு நல்ல துணை. அஸ்பார்டேம் கலந்த செயற்கை இனிப்பு வேண்டவே வேண்டாம், அதில் பினைல் அலனின் இருக்கிறது. முதல் வருடத்தில் அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுதும் கவனம் வேண்டும். பெண் குழந்தையானால், கல்யாணமாகிக் கருத்தரிக்கும் முன்பே அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையும் இதயமும் பாதிக்கப்படும்.

தனிப் பால்மாவு விலை அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2021-ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இப்படி உணவால் கட்டுப்படும் நோய்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக உதவி கேட்கலாம். டாக்டரிடம் விசாரியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

இந்தச் சோதனை எல்லா மருத்துவமனையிலும் தானாகச் செய்யப்படுவதில்லை. நீங்களே கேளுங்கள். பிறந்து 24 மணி நேரம் ஆகுமுன் எடுத்தால் சரியான கணக்கு வராது, பால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எடுப்பதே நல்லது. அதற்குமுன் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், "மூணாம் நாள் எங்கே வரணும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தும்போது குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள், அழுகை குறையும். பாதம் சூடாக இருந்தால் இரத்தம் சுலபமாக வரும். குதிகாலின் பக்கவாட்டில்தான் குத்த வேண்டும், நடுவில் எலும்பு கிட்டே இருக்கிறது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை வட்டத்தில் ஊறவிடுவார்கள். அட்டையை வெயிலிலோ அடுப்படியிலோ வைக்கக் கூடாது. நிழலில், படுக்கை வசமாக, மூன்று நான்கு மணி நேரம் உலர வேண்டும். அதே சொட்டில் தைராய்டு குறைவையும் பார்ப்பார்கள். அது நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது, மாத்திரையிலேயே சரிசெய்யலாம்.

"மறுபடி இரத்தம் வேண்டும்" என்று தகவல் வந்தால் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கும், நரம்பு வழியாகச் சத்து ஏற்றிய குழந்தைக்கும் அளவு கூடித் தெரியலாம். தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் வரச்சொன்ன நாளைத் தள்ளிப்போடாதீர்கள். "அமாவாசை கழியட்டும், பேர் வச்சுட்டுப் போகலாம்" என்பதெல்லாம் இதில் உதவாது.

இன்னொன்று. பிரசவம் ஆனதும் பெண் தாய்வீட்டில் மூன்று மாதம் இருப்பது நம் வழக்கம். அட்டையிலோ புருஷன் வீட்டு முகவரி இருக்கும். தகவல் அங்கே போய்க் கதவு பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது? ஆகவே இரத்தம் எடுக்கும்போதே, அடுத்த பத்து நாள் குழந்தை எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அந்த முகவரியையும், அங்கே கையில் போன் வைத்திருப்பவரின் எண்ணையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதியபின் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள், வட்டத்தை மட்டும் தொடாமல்.